மதியத்தில் மட்டும் ஷார்ட் ஆன ரிவர்ஸ் லூப்

சேலத்து மே மாத வெயிலில், மொட்டை மாடி அறையில் என் எச்ஓ அளவு மாடல் ரயில் லேஅவுட்டின் ரிவர்ஸ் லூப் (ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்த தடத்திலேயே திரும்பும் வளையம்) காலையில் ஒழுங்காக ஓடும், மதியம் இன்ஜின் லூப்புக்குள் நுழையும் இடத்திலேயே டிசிசி பூஸ்டர் (தண்டவாளத்துக்கு டிஜிட்டல் சிக்னலோடு மின்சாரம் தரும் கருவி) ஷார்ட் காட்டி நின்றுவிடும். லூப்பின் இரு முனைகளில் ஒன்றில் மின்முனைகள் எப்போதும் எதிராக இருக்கும்; அதைத் தானாகத் திருப்பித் தரும் ஆட்டோ ரிவர்சரின் ஒயர்களை மாற்றிப் போட்டேன், அது எவ்வளவு கரண்டில் திருப்ப வேண்டும் என்ற டிரிப் கரண்டை மாற்றினேன், சக்கரங்களைத் துடைத்தேன். பலனில்லை.

அப்புறம் மதிய நேரத்திலேயே, இன்ஜினை எடுத்துவிட்டு, ரிவர்சர் ஒயர்களைக் கழற்றி, லூப்பை மற்ற தடத்திலிருந்து மின்சாரம் கடக்காமல் பிரிக்க தண்டவாளத்தில் போட்ட ஒவ்வொரு வெட்டையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். இணைப்பு இருப்பதைக் காட்டும் பீப் வந்தது நுழையும் பக்கம் இல்லை, வெளியேறும் பக்கம்! சூட்டில் தண்டவாளம் நீண்டு அந்த இடைவெளி மூடியிருந்தது. அதனால் ரிவர்சர் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முனையில் ஷார்ட்தான். வெட்டை அகலமாக்கி, பிளாஸ்டிக் துண்டு செருகி, சூப்பர் க்ளூ வைத்து, தண்டவாள வடிவத்துக்கு அரம் போட்டேன். அப்பாடா, இப்போது உச்சி வெயிலிலும் ஓடுகிறது.