டிசம்பரில் சென்னை: பாஸ்போர்ட்டைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்

கார்த்திகை முகூர்த்தம், மார்கழிக் கச்சேரி, பிள்ளைகளின் விடுமுறை எல்லாம் சேர்ந்து வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு அயலில் வாழும் நம்மை டிசம்பரில்தான் ஊருக்கு இழுக்கின்றன. வங்கக்கடலில் புயல் கிளம்பும் காலமும் அதுதான். 2015 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் என மூன்று முறையும் மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. வெளிநாடு திரும்பும் நாளுக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் நடுவே மூன்று நாளாவது விடுங்கள். ரயிலை நம்பியும் பயனில்லை. வியாசர்பாடி பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரலுக்கு வரவேண்டிய வண்டிகள் ஆவடியோடு நின்றுவிடும்.

வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடு என்றால் முதல் கவலை பாஸ்போர்ட். முழங்காலளவு தண்ணீர் போதும், கீழ்த்தட்டு போய்விடும். ஊறிய பாஸ்போர்ட்டில் படப்பக்கம் உப்பிக்கொள்ளும், சிப் வேலை செய்யாது, விமான நிலையக் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதன்பின் அலைச்சல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். காவல் நிலையத்தில் புகார்ச் சான்று வாங்க வேண்டும். அதைக் காட்டி உங்கள் நாட்டுத் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் வாங்க வேண்டும். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருப்பதால், புதிய ஆவணத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருந்தாலும், விண்ணப்பம் இணையத்தில்தான். தெருவில் மின்சாரம் இல்லை, செல்போன் டவரும் படுத்துவிட்டது என்றால் அதற்கே காய்ந்த பகுதிக்குப் போக வேண்டும்.

அந்த விண்ணப்பத்தில் பலரும் மாட்டிக்கொள்வது முகவரிச் சான்றில். ஈபி கார்டு காலமான அப்பா பெயரில் இருக்கும், வீட்டு வரி ரசீது தாத்தா பெயரில் இருக்கும். பெயரை மாற்றச் சொல்லி அம்மா ஒவ்வொரு முறையும் கேட்டிருப்பார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நாம் விமானம் ஏறியிருப்போம். இந்த முறை, மழைக்கு முன்பே, வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பெயரை மாற்றுங்கள். விசாவில் வந்தவர் என்றால் நீங்கள் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை வீட்டுக்காரர் அந்த அலுவலகத்துக்குப் பதிந்தாரா என்று வந்த அன்றே பாருங்கள். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை, டிக்கெட், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஜிப் பையில் போட்டு லாஃப்டில் வையுங்கள். படமெடுத்து மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள், வெளியூரில் ஒருவருக்கும் அனுப்புங்கள்.

காற்றுக்கு: மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல், அதற்குக் கீழே தாழ்வு மண்டலம். ஆனால் முருங்கைக் கிளைக்கும் தகரக் கூரைக்கும் அந்தக் கணக்கு கிடையாது. மாடித் தொட்டியை நிரப்பிவையுங்கள். காலித் தொட்டியைக் காற்று புரட்டிவிடும், மின்சாரம் நின்றால் மோட்டாரும் ஓடாது. பூந்தொட்டி, டிஷ் ஆண்டெனா, கொடிக்கம்பி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். காரை மரத்தடியில் விடாதீர்கள். புயலின் கண் நேரே கடந்தால் காற்று சட்டென்று அடங்கும். அதை நம்பி வெளியே போகாதீர்கள், சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து திருப்பி அடிக்கும். காற்று ஏறினால் ஈபியே மின்சாரத்தை நிறுத்திவிடும். யுபிஐ ஓடாது, 100, 200 ரூபாய்த் தாள்களாகக் கையில் வையுங்கள்.

பெற்றோரை நகர்த்துவதுதான் கடினம். "எத்தனை மழையைப் பார்த்திருக்கேன்" என்பார்கள். ஆண்டில் பதினொரு மாதம் அங்கில்லாத நாம் அதட்டினால் அவர்களுக்கு வலிக்கும், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை. அதற்குள்ளேயே அவர்களை மாடி வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ கூட்டிப் போய்விடுங்கள். சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தால் சுரங்கப்பாதைகளை மூடிவிடுவார்கள், ஆட்டோவும் வராது. இரண்டு வார மாத்திரை, மருந்துச்சீட்டு, மூக்குக்கண்ணாடி கூடவே வரட்டும்.

தண்ணீர் வடிந்ததும் மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உடையலாம், டோ செய்து எடுத்துப் போங்கள். சம்ப்பை முழுக்க இறைத்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டு, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். மின்தடைக்கு மின்னகம் 94987 94987, தண்ணீர் தேங்கினாலோ மரம் விழுந்தாலோ மாநகராட்சி 1913.