குவில்ட் பிளாக்கில் வைத்துத் தைத்த தாளை எப்போது கிழிப்பது?

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட்; அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரு பிளாக். வடிவம் வரைந்த தாளின் மேல் துண்டுகளை வைத்துப் பிளாக் ஒன்றைத் தைத்து முடித்ததுமே, அந்தத் தாளைக் கிழிக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஓரத்துணி பல இடங்களில் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டியதாக இருக்கும்; தாள் போய்விட்டால் அது இழுபட்டு, பிளாக்கின் அளவே மாறிவிடும். நான்கு பக்கமும் அடுத்த பிளாக்கோ பார்டரோ சேர்ந்த பிறகு கிழிப்பதுதான் நல்லது. இணைத்த இடத்தில், தையலுக்கு விட்ட கால் அங்குலத்திலுள்ள தாளை மட்டும் உடனே எடுத்துவிடலாம். அயர்ன் செய்யும்போது அங்கே தடிமன் தட்டாது.

தைக்கும்போதே தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். துளைகள் நெருக்கமாக விழுந்து தாள் சுலபமாகப் பிரியும். கிழிக்கும்முன் தையல் கோட்டில் தாளை ஒருமுறை மடித்து, கட்டைவிரல் நகத்தால் தையலை அழுத்திப் பிடித்தபடி இழுங்கள். கடைசியாகத் தைத்த துண்டிலிருந்து தொடங்குங்கள். அப்புறம், மூலைகளில் சிக்கிய துணுக்குகளை ட்வீஸரால் எடுத்துவிடலாம்.