பறவைகள் வீட்டுத் தோட்டத்துக்கு வர வேண்டுமா? தீனியைக் கடைசியில் வையுங்கள்

பறவை வர வேண்டும் என்று ஆசை வந்ததும் பெரும்பாலானோர் மொட்டைமாடியில் அரிசியைத் தூவுவார்கள், மிச்சச் சோற்றை மதில் மேல் வைப்பார்கள். வருவது காகமும் மாடப்புறாவும்தான். காக்கைக்குச் சோறு வைப்பதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் காகம் கூட்டமாகச் சுற்றும் இடத்தில் சின்னக் குருவிகளின் முட்டையும் குஞ்சும் தப்பிப்பது கஷ்டம். அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் செடி, தீனியைக் கடைசியாக யோசிக்கலாம். நிறைய தோட்டங்களுக்கு அது தேவையே படாது.

தண்ணீருக்கு அகலமான மண்தட்டு போதும், பூந்தொட்டிக்கு அடியில் வைப்போமே, அதுவே சரி. எவர்சில்வர் வெயிலில் சுடும், காலும் வழுக்கும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல்லைப் போட்டுவிடுங்கள். பூனை பதுங்க முடியாத திறந்த இடமாகவும், ஏழெட்டு அடி தள்ளி பறந்து ஏற ஒரு கிளை இருக்கிற இடமாகவும் பார்த்து வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றும்போது தட்டின் உட்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட வேண்டும், ஏனென்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில்தான் முட்டையை ஒட்டி வைக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது. தட்டுக்கு மேலே ஊசியால் துளையிட்ட ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டால், சொட்டும் சத்தத்துக்கே பறவைகள் தேடி வரும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளிக்கும். தேன்சிட்டு மட்டும் அந்தத் தட்டுக்கு அதிகம் வராது, ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிப்பதுதான் அதற்குப் பிடிக்கும். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது இலைகளிலும் தெளித்துவிட்டு, சற்று நேரம் காத்திருந்து பாருங்கள்.

செடி என்றால் இட்லிப்பூ, செம்பருத்தி, மாதுளை, முருங்கை, வாழை எல்லாவற்றிலும் தேனுக்காகத் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலையைப் பழுக்கவிடுங்கள், அந்தக் கருநீலப் பழத்துக்குச் சின்னானும் (புல்புல்) குயிலும் வரும். இடமிருந்தால் ஒரு தேன்பழ மரம் வைக்கலாம், சில ஊர்களில் சர்க்கரைப்பழம் என்பார்கள். வெளிநாட்டு மரம்தான், ஆனால் சீக்கிரம் வளர்ந்து ஆண்டின் பெரும்பகுதி காய்க்கும், குக்குறுவான் முதல் கட்டைவிரல் அளவே இருக்கும் பூங்கொத்தி வரை எல்லாம் வரும்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம் பூச்சி. பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்தில் பறவை தங்காது. தேன் குடிக்கும் தேன்சிட்டும் தானியம் தின்னும் சிட்டுக்குருவியும்கூடக் குஞ்சுக்குப் பூச்சி, புழு, சிலந்தியைத்தான் ஊட்டும். அதனால் மருந்தை விட்டுவிடுங்கள், நூலாம்படையையும் ஒரு மூலையில் விட்டுவையுங்கள், தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு கட்ட அந்த நூலைத்தான் எடுத்துப் போகும். காய்ந்த சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் குவித்து வைத்தால் தவிட்டுக்குருவிகள் நாள் முழுக்கக் கிளறிக்கொண்டிருக்கும். இன்னொரு விருந்தாளியும் வரலாம், ஆறுமணிக்குருவி. வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் முடித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை அது, சருகு மூடிய நிழலான தரைதான் அதற்கு வேண்டும். காலையிலும் அந்தியிலும் இரட்டை விசில் போல அது கூப்பிடுவதைக் கேட்டால் அன்றைய நாளே நல்ல நாள்.

தீனி வைத்தே ஆக வேண்டுமென்றால் கம்பும் தினையும் வையுங்கள், அல்லது நெற்கதிரைக் கட்டித் தொங்கவிடுங்கள், சிட்டுக்குருவியும் சில்லையும் வரும். மிக்சர், பிஸ்கட், உப்புப் போட்ட எதுவும் வேண்டவே வேண்டாம்.

கிளை வெட்டுமுன் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் கைப்பேசியோடு பக்கத்தில் போகாதீர்கள், நீங்கள் போகிற இடத்தைக் காகம் கவனிக்கும். பைக் கண்ணாடியில் குண்டுகரிச்சான் விடாமல் கொத்துகிறதா? தன் பிம்பத்தைப் போட்டிக்கு வந்த பறவை என்று நினைக்கிறது, ஒரு துணிப்பையால் மூடினால் போதும். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள், பூனைக்கு எட்டாத கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளிப் போங்கள். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை.

சரி, பார்ப்பது எப்படி? காலை ஆறிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்தாலே நிறைய தெரியும். பைனாகுலர் வாங்குவதென்றால் 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) தோட்டத்துக்கும் வெளியே போவதற்கும் பொருந்தும். தினமும் வருகிற பறவைகளை முதலில் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் பறவைகள்தான் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும், ஆண்குயில் கறுப்பு, பெண்குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். குரல் மட்டும் கேட்டால், குரலை வைத்தே பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி உதவும், இலவசம்தான், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பார்த்ததைத் தேதியோடு எழுதி வைத்து, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, உங்கள் தோட்டத்தில் 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணினாலும் அந்தப் பட்டியலைச் சேர்த்துக்கொள்வார்கள். காகம், மைனா என்று சாதாரணப் பறவைகளையும் விடாமல் எழுதுங்கள், அவற்றின் எண்ணிக்கையும் அதில் வேண்டும்.