பிள்ளை எதற்காகக் கொப்பியைக் கிழிக்கிறான்? கண்டுபிடிக்க மூன்று கட்டம் போதும்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் 2ஆம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். போன தவணையில் ஒரு பையன் கொப்பியைக் கிழித்துக்கொண்டே இருந்தான். ஏசினேன், வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். கிழிப்பு கூடியதுதான் மிச்சம்.

எனக்கு வழி காட்டியது பிரையன் இவாட்டா என்ற அமெரிக்க நடத்தைப் பகுப்பாய்வாளரின் வேலை. தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் 9 பிள்ளைகளைப் பற்றி அவரும் சகாக்களும் 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாடம் கொடுத்து, அடித்துக்கொண்டதும் அக்கறையாகப் பேசி, தனியே விட்டு, விளையாட விட்டு என்று நான்கு சூழல்களில், ஒவ்வொன்றும் 15 நிமிடமாகப் பார்த்தார்கள். 6 பேருக்குக் குறிப்பிட்ட ஒரு சூழலில்தான் அடி கூடியது. ஆனால் எல்லோருக்கும் அதே சூழல் அல்ல. நிறுத்துவதற்கு முன் காரணத்தைத் தேடு என்பதை இந்தத் துறையில் வழக்கமாக்கியவர் அவர்.

அந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். அங்கே மருத்துவக் கண்காணிப்பு இருந்தது. பிள்ளை தலையை முட்டிக்கொள்கிறான் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நமக்குக் குறிப்பெடுப்பதே போதும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் நடந்தது. நேரத்தையும் குறியுங்கள். ‘திமிர்’ என்று எழுதினால் அது உங்கள் கோபம், குறிப்பு அல்ல. நான் எழுதியது: “9.40. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னேன். பக்கத்தைக் கிழித்தான். வெளியே அனுப்பினேன்.”

இரண்டு வாரத்தில் 11 குறிப்புகள். அவற்றில் 9 எழுத்து வேலையின்போது. தகரக்கூரையில் மழை கொட்டி, பாடமே நடக்காத நாள்களில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) இருந்த காலத்தில் இப்படிச் செய்ததில்லை என்றார், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அவனுடைய அம்மா. மூன்றாம் கட்டத்தை வாசித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எழுத்திலிருந்து அவனுக்கு விடுமுறை கொடுத்தது நான்தான்.

அடுத்து, கிழிப்பதால் கிடைத்ததை வேறு விதமாகக் கேட்கப் பழக்குங்கள். இது எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985இல் காட்டிய வழி. தீப்பெட்டி அட்டை ஒன்றை அவனிடம் கொடுத்தேன். அதைத் தூக்கினால் நான் பக்கத்தில் போய் உதவுவேன். முதல் வாரங்களில் ஒரு தடவைகூடத் தாமதிக்கக் கூடாது, இதில்தான் பலர் தவறுகிறோம். எழுத்தையும் மூன்று வரியாகக் குறைத்தேன்.

கவனத்துக்காகக் கிழிக்கும் பிள்ளைக்கு இது சரிவராது. அவனைக் கிழிப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

என் பையன் இப்போது ஆறு வரி எழுதுகிறான். ஏழாவது வரியில் அட்டை மேலே போகிறது.