க்யூ முனையில் டிப் மாற்றும்போது

பூல், ஸ்நூக்கர் ஆடும் கோலான க்யூவின் முனையில் சாக் (வழுக்காமலிருக்கத் தேய்க்கும் கட்டி) போட்டும், அடிக்கும்போது பந்து வழுக்குகிறதா? முனையில் ஒட்டியிருக்கும் தோல் துண்டான டிப்பைப் பாருங்கள். தோல் தேய்ந்து, அதற்குக் கீழே உள்ள வளையமான ஃபெரூலை ஒட்டிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வெறும் பளபளப்பு என்றால் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.

டிப் வாங்கும்போது அளவு முக்கியம். பூல் க்யூவுக்குப் பெரும்பாலும் 13 மி.மீ., ஸ்நூக்கருக்கு 9 முதல் 10 மி.மீ. சென்னை பெரியமேடு விளையாட்டுப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஃபெரூலைவிட ஒரு நூல் பெரிதாக இருப்பதே நல்லது.

பழைய டிப்பை பிளேடால் எடுத்ததும் பலர் அவசரமாகப் பசையைத் தடவிவிடுவார்கள். டிப் பறப்பது இதனால்தான். ஃபெரூலின் மேல் பழைய பசை துளிகூட இருக்கக் கூடாது. சுரண்டிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துச் சமதளமாக இருக்கிறதா என்று பாருங்கள். டிப்பின் அடிப்பக்கத்தையும் தட்டையாகத் தேயுங்கள். அப்புறம் ஃபெவிக்விக் ஒரு சொட்டு, நடுவில் வைத்து அழுத்தம். அவசரம் இல்லையென்றால் ராத்திரி முழுக்கக் காயவிடலாம்.

காய்ந்ததும் க்யூவைத் தலைகீழாக மரப்பலகையில் ஊன்றி, வெளியே நீட்டியிருக்கும் தோலைப் புது பிளேடால் சீவுங்கள். மொட்டை பிளேடு ஃபெரூலைக் கீறிவிடும். ஃபெரூலைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு ஓரத்தைத் தேயுங்கள். மேல் வளைவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பை அளவாக வைத்துக்கொள்ளலாம். கடைசியாக ஓரத்தை லேசாக ஈரமாக்கி, தோல் துண்டால் அழுத்தித் தேய்த்தால் கெட்டிப்படும். சீக்கிரம் காளான் மாதிரி விரியாது.

சரி, மாற்றியாகிவிட்டது. சென்னை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் க்யூவை விட்டுவிடாதீர்கள். பசையும் இளகும், மரமும் வளையும்.