சிவப்புக் குறுமீன்களுக்கு நடுவே சங்கிலி பிடிப்பது எப்படி

நிலம் அளக்கப் போகிறவனுக்கு முதலில் சொல்லித் தரும் பாடம், சங்கிலியை நம்பாதே என்பது. வெயிலில் நீளும், வளையம் தேயும், இழுப்பவன் கைக்கு ஏற்ப மாறும். காலையில் நீளம் தெரிந்த ஒரு கோட்டின்மேல் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் வயலில் இறங்க வேண்டும். 31 ஆண்டுகள் அப்படியே செய்தவன், ஓய்வு பெற்று மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து இரட்டை விண்மீன்களை அளக்கப் போனபோது அதை மறந்தேன். இரண்டு பருவங்கள் போயின. அந்தக் கதை அதற்குரிய இடத்தில் வரும்.

முதலில் எதை அளப்பது என்று முடிவு செய்யுங்கள். நம் சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள விண்மீன்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று சிவப்புக் குறுமீன்கள், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கிய, சிவந்த விண்மீன்கள். ஆனால் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் எடையை நேரடியாக அறிய, ஒன்றையொன்று சுற்றும் இரண்டைப் பிடித்து அவற்றின் சுற்றுப்பாதையை அளப்பதுதான் வழி. புதியவர்கள் பெரும்பாலும் கண்ணுக்கு எளிதாகப் பிரியும் இணையைத் தேர்ந்தெடுத்து ஏமாறுகிறார்கள். குரூம்பிரிட்ஜ் 34 அழகான இணைதான், இரண்டுக்கும் நடுவே 30 வில்நொடிக்கு மேல் இடைவெளி (ஒரு பாகையில் 3600 வில்நொடி). ஆனால் அது ஒரு சுற்று முடிக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். ஸ்ட்ரூவ் 2398 கூட நூற்றாண்டுக் கணக்குத்தான். வருடத்துக்கு வருடம் நகர்வு தெரிய வேண்டுமானால் குரூகர் 60க்கு வாருங்கள்.

செபியஸ் விண்மீன் மண்டலத்தில், நம்மிடமிருந்து 13 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் இணை அது. பெரியதன் ஒளித்தரம் சுமார் 9.8, சிறியது 11.4 (எண் கூடக்கூட மங்கல்). சிறியது அவ்வப்போது சட்டென்று பிரகாசிக்கும் விண்மீன், டி.ஓ. செபெய் என்ற பெயரும் அதற்கு உண்டு. சுற்றும் காலம் 44.7 ஆண்டுகள். 1890இல் இந்தத் துணையைக் கண்டுபிடித்தவர் பர்னம். வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சிகாகோவில் நீதிமன்றச் சுருக்கெழுத்தராகக் கழித்தவர். பகலில் வழக்கு, இரவில் விண்மீன் என்று வாழ்ந்த மனிதர் என்பதால் என்னைப் போன்ற முன்னாள் ஊழியனுக்கு அவர்மேல் தனி மரியாதை. 44.7ஐ மூன்றால் பெருக்கி 1890உடன் கூட்டிப் பாருங்கள், 2024 வரும். அவர் துணையைக் கண்ட அதே இடத்துக்கு அது மூன்று சுற்று முடித்துத் திரும்பிய ஆண்டில்தான் நான் தற்செயலாக அளக்கத் தொடங்கினேன்.

என் கருவிகள் இவை: 8 அங்குல ஷ்மிட்-காசெகிரெய்ன் தொலைநோக்கி, 2 மடங்கு பார்லோ லென்ஸ், கோள்களைப் படமெடுக்கும் சிறிய கேமரா. 200 மி.மீ. வாய் சுமார் 0.6 வில்நொடி வரை பிரிக்கும். இணை மிக நெருங்கியது 2014 கடைசியில், அப்போது இடைவெளி 1.4 வில்நொடி. இப்போது இரண்டரையைத் தாண்டிவிட்டது, 2037 வாக்கில் 3.4 வரை போகும். ஆகவே பிரிப்பது சிரமமில்லை. துருவ அச்சில் சுழலும் தாங்கி கட்டாயம் வேண்டும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் தாங்கியில் படப் புலமே இரவு முழுக்கச் சுழலும், கோணம் பாழாகும்.

நம் ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. குரூகர் 60 வான நடுக்கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட 58 பாகையில் இருக்கிறது. கோவைப் பக்கத்தில் உச்சிக்கு வரும்போதும் 43 பாகை உயரம்தான். அது மாலையில் வசதியாக உச்சிக்கு வரும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும், அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலம். செப்டம்பர் கடைசியில் இரவு பத்தரை மணி வாக்கில் உச்சிக்கு வரும், அந்த இரண்டு வாரங்களை விடாதீர்கள். தப்பினால் டிசம்பரில் இருட்டியவுடன், மேற்கே சாய்வதற்குள் பிடிக்க வேண்டும். தாழ்வாக இருப்பதால் காற்று விண்மீனின் ஒளியைச் சின்ன நிறமாலையாக இழுத்துவிடும். சிவப்பு வடிகட்டி போட்டால் அது அடங்கும். இந்த விண்மீன்கள் ஒளியைக் கொட்டுவதே சிவப்பிலும் அகச்சிவப்பிலும் என்பதால் இழப்பும் குறைவு. கீழே தண்ணீர் மோட்டாரை யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மோட்டார் ஓடினால் மாடியில் விண்மீன் நடுங்கும்.

கண்டுபிடிக்க டெல்டா செபெய்யிலிருந்து புறப்படுங்கள். 1784இல் குட்ரிக் ஒளிமாற்றம் கண்ட அதே விண்மீன், வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து தெற்கே, சற்றே மேற்காக, முக்கால் பாகைக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தால் குரூகர் 60. பழைய வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். இந்த இணை ஆண்டுக்கு ஒரு வில்நொடிக்குச் சற்றே குறைவாக வானில் நகர்கிறது, 2000ஆம் ஆண்டுக்கான ஆயங்கள், அதாவது வானில் அதன் இருப்பிட எண்கள், இன்று இருபது வில்நொடிக்கு மேல் தள்ளியிருக்கும்.

படமெடுப்பதில் ரகசியம் எதுவுமில்லை. ஒரு படத்துக்கு 80 மில்லிநொடி, இரண்டாயிரம் படங்கள், அவற்றில் காற்று அசையாத கணத்தில் விழுந்த சிறந்த பத்து சதவீதத்தை மட்டும் அடுக்குங்கள். ஓர் இரவில் இப்படி ஐந்து தொகுதி எடுத்துத் தனித்தனியாக அளந்தால், ஐந்துக்கும் உள்ள சிதறலே உங்கள் பிழை. இரட்டை விண்மீன் அளப்பவர்களுக்காகவே எழுதப்பட்ட ரெடக் என்ற மென்பொருளில் நான் அளக்கிறேன். தேதியை ஆண்டின் தசமமாக எழுதுங்கள், 2024.79 என்பது போல.

இனிதான் சங்கிலியைச் சரிபார்க்கும் வேலை. படத்திலிருந்து நமக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று இடைவெளி, வில்நொடியில். மற்றொன்று நிலைக்கோணம், அதாவது பெரிய விண்மீனிலிருந்து வடக்கே ஒரு கோடு போட்டு, அங்கிருந்து கிழக்கு வழியாகத் துணை இருக்கும் திசைவரை அளக்கும் பாகை. கேமரா தருவதோ வெறும் புள்ளிகள். ஒரு புள்ளி எத்தனை வில்நொடி, வடக்கு எந்தப் பக்கம், இரண்டும் அதற்குத் தெரியாது.

திசைக்கு: விண்மீனைப் புலத்தின் நடுவில் வைத்து, தாங்கியின் மோட்டாரை நிறுத்திவிட்டுப் படமெடுங்கள். விண்மீன் தானாக மேற்கே ஓடும், ஓடிய கோடுதான் கிழக்கு–மேற்கு. இவ்வளவு வடக்கே உள்ள விண்மீன் நொடிக்கு 8 வில்நொடி ஓடும் என்பதால், அதே ஓட்டத்தில் அளவுகோலும் கிடைத்துவிடும். எனக்கு ஒரு புள்ளிக்கு 0.147 வில்நொடி வருகிறது. இதை இன்னொரு வழியிலும் சரிபார்க்க வேண்டும். அதற்கு டெல்டா செபெய்யே போதும். அதுவும் ஓர் அகன்ற இரட்டைதான், 41 வில்நொடி இடைவெளி, நிலைக்கோணம் 191 பாகை. கையா செயற்கைக்கோளின் பட்டியலில் இரண்டின் ஆயங்களையும் எடுத்து நீங்களே துல்லியமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வழியிலேயே நட்டுவைத்த சர்வே கல் போல நிற்கிறது.

நான் செய்த தவறு இது. விண்மீனைத் தேடுவதற்காக, ஒளியை 90 பாகை திருப்பும் கண்ணாடியைத் தொலைநோக்கியின் பின்னால் மாட்டியிருந்தேன். கழுத்து வலி, வேறென்ன. கேமராவையும் அதிலேயே செருகினேன். கண்ணாடி என்றால் பிம்பம் இடம் வலம் மாறும். ஓட்டக் கோட்டில் மேற்கு சரியாகவே தெரிந்தது, வடக்கும் தெற்கும் மட்டும் எதிரெதிராகிவிட்டன. 2024இல் எனக்குக் கிடைத்த கோணம், சுற்றுப்பாதைப் பட்டியல் தரும் கணிப்புக்கு நேர் எதிர்ப்பக்கமாக இருந்தது. எதைப் பெரியது, எதைச் சிறியது என்று மாற்றிப் பிடித்திருப்பேன் என்று 180ஐக் கூட்டினேன். அந்த ஆண்டு துணை ஏறக்குறைய வடக்கு–தெற்குக் கோட்டின்மேலேயே நின்றதால் வித்தியாசம் ஐந்தே பாகை. புதிய ஆள், சிறிய தொலைநோக்கி, ஐந்து பாகை பரவாயில்லை என்று நோட்டில் எழுதி மூடினேன். அடுத்த ஆண்டு வித்தியாசம் பதினாறு பாகை. குறைய வேண்டிய கோணம் ஏறியிருந்தது. ஒரு வாரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பட்டியல்தான் தவறு என்று நம்பினேன். கடைசியில் டெல்டா செபெய்யை அதே முறையில் அளந்தேன். அதுவரை அதை இடைவெளிக்கு மட்டும் பயன்படுத்தி, கோணத்தைப் பார்க்காமலே விட்டிருந்தேன். அதற்கும் 180ஐக் கூட்டியபோது 191 வர வேண்டிய இடத்தில் 169 வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். 180ஐக் கூட்டாத பழைய எண்களை 180இலிருந்து கழித்துத் திருத்தினேன். அவை உயிர்பிழைத்தன, என் கௌரவம்தான் இல்லை.

இன்னொன்று, எங்கள் தொழிலிலிருந்து வருபவர்களுக்காக. நிலத்தின் புலப்படத்தில் வடக்கு மேலே என்றால் கிழக்கு வலப்பக்கம். வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது கிழக்கு இடப்பக்கம். நிலைக்கோணம் தாளில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஏறும். கை பழக்கத்தில் வலப்பக்கம்தான் போகும், கவனம்.

அளவுகள் சேர்ந்தபின் அவை நம்பத் தகுந்தவையா என்று பார்க்க எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. இரண்டையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பை வளைக்கும் என்ற கெப்ளரின் இரண்டாம் விதி, சுற்றுப்பாதை சாய்ந்து தெரிந்தாலும் மாறாது. இடைவெளியின் வர்க்கத்தை ஓராண்டில் மாறிய கோணத்தால் பெருக்குங்கள். 2024க்கும் 2025க்கும் நடுவே சராசரி இடைவெளி 2.65, கோணம் நகர்ந்தது 5.8 பாகை. வர்க்கம் ஏறக்குறைய 7, பெருக்கினால் 40.7, அதாவது சுமார் 41. இணை 1.4 வில்நொடியில் நெருங்கியிருந்தபோது ஆண்டுக்கு 20 பாகைக்கு மேல் பாய்ந்தது, அங்கேயும் அதே 41தான். எந்த ஆண்டின் எண் இதிலிருந்து விலகி நிற்கிறதோ, அந்த அளவில் கோளாறு.

ஒரு மனிதன் மாடியில் நின்று 44 ஆண்டுகள் அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம். வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலை அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கிறது. கேட்டால் ஓர் இணைக்கு இதுவரை பதிவான எல்லா அளவுகளையும் அனுப்புவார்கள். பர்னம் முதல் இன்றுவரை எல்லாவற்றையும் ஒரே வரைபடத் தாளில் குறித்து, உங்கள் புள்ளிகளை வேறு மையில் வையுங்கள். அவற்றின் ஊடே ஒரு நீள்வட்டம் வரையுங்கள். அதன் பரப்பைக் கட்டம் எண்ணியே கணக்கிடலாம். வயலின் பரப்பை அப்படிக் கணக்கிட்டுப் பழகிய எனக்கு 15.9 சதுர வில்நொடி வந்தது. பாகையை ஆரையனுக்கு (ரேடியன்) மாற்றி இரண்டால் வகுத்தால், அந்த 40.7 என்பது ஆண்டுக்குச் சுமார் 0.355 சதுர வில்நொடி வளைக்கப்படுகிறது என்று பொருள். 15.9ஐ இதனால் வகுத்துப் பாருங்கள், 44.8. கணினி இல்லாமலே சுற்றுக்காலம் கிடைத்துவிட்டது.

சுற்றுப்பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும் மையத்தொலைத் தகவுக்கும் தாளே போதும். நீள்வட்டத்தின் மையத்திலிருந்து பெரிய விண்மீன் வழியாக ஒரு கோடு இழுத்து நீள்வட்டத்தைத் தொடுங்கள். மையத்திலிருந்து விண்மீன்வரை உள்ள நீளத்தை, அந்தக் கோட்டின் முழு நீளத்தால் வகுத்தால் கிடைப்பதே விடை, இங்கே 0.41. சாய்வு எவ்வளவு இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. சுற்றுப்பாதையின் மற்ற அளவுகளை மென்பொருளிடம் விட்டுவிடுங்கள், டோகோவினின் எழுதிய ஆர்பிட் நன்றாக வேலை செய்கிறது.

இறுதியில் எடை. அரை நெட்டச்சு, அதாவது சுற்றுப்பாதையின் நீண்ட அச்சில் பாதி, 2.38 வில்நொடி. இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு, 0.25 வில்நொடி. வகுத்தால் 9.5, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் இத்தனை மடங்கு. அதை மூன்று முறை தன்னோடு பெருக்கி, சுற்றுக்காலத்தின் வர்க்கமான 1998ஆல் வகுத்தால் 0.43. இரண்டும் சேர்ந்தும் சூரியனில் பாதிகூட இல்லை. இடைவெளியில் ஒரு சதவீதம் பிழைத்தால் எடையில் மூன்று சதவீதம் பிழைக்கும். சங்கிலியைப் பற்றி இவ்வளவு புலம்பியது அதனால்தான்.

இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னொரு வழக்கு. அதற்கு இரண்டும் பின்னால் உள்ள தொலைவான விண்மீன்களுக்கு எதிரே எப்படித் தள்ளாடுகின்றன என்று பார்க்க வேண்டும். 1908, 1915, 1920 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க வானியலாளர் பார்னார்ட் எடுத்த புகழ்பெற்ற படங்களில் துணை சுற்றுவதும், இணை முழுவதுமே பக்கத்து விண்மீனைக் கடந்து நகர்வதும் ஒன்றாகத் தெரியும். விடை ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்று வல்லுநர்கள் தந்திருக்கிறார்கள். நானும் புலத்தில் விழும் பின்னணி விண்மீன்கள் மூன்றைக் கடந்த டிசம்பரிலிருந்து குறித்து வருகிறேன். பங்கு பிரிக்கும் அளவுக்குப் புள்ளிகள் சேர இன்னும் ஏழெட்டு ஆண்டுகளாகும். கண்ணாடி மேசையிலேயே கிடக்கிறது. கழுத்துக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிவிட்டேன்.