ஆவணங்களிலிருந்து வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முதன்முறையாக ஆய்வுக்கு வருபவர்களில் பலர், தாங்கள் தேடும் விடை ஏதோ ஒரு கட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். அங்கே இருப்பவை கிழக்கிந்தியக் கும்பினிக் காலம் தொட்டுச் சேர்ந்துவந்த அலுவல் காகிதங்கள்: வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள், கலெக்டர்களின் கடிதங்கள், அரசாணைகள், நில வரிக் கணக்குகள். இவற்றை எழுதியவர்கள் யாரும் வரலாற்று மாணவரை மனத்தில் வைத்து எழுதவில்லை. வரி வசூல் குறைந்ததற்குக் காரணம் சொல்லவும், செலவுக்கு அனுமதி பெறவும், தவறு நேர்ந்தபோது பழியை வேறொருவர் தலையில் போடவும் எழுதினார்கள். எழுதியவருக்கு அன்றைக்கு என்ன தேவை இருந்தது என்று கேட்காமல் ஒரு காகிதத்தின் வாசகத்தை மட்டும் எடுத்துக்கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதலாவது, 'ஆங்கில அரசு இப்படிக் கருதியது' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் ஆவணங்களைப் படிப்பவர், அந்த வாக்கியத்தை அவ்வளவு எளிதாக எழுத மாட்டார். 1877இன் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன், ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட அனுப்பினார். நிவாரண வேலையில் இருந்தவர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்ற அளவுக்கு அவர் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், கடுமையான உடலுழைப்பு செய்பவருக்கு இந்த உணவு போதாது என்று வாதிட்டு எழுதினார். பின்னர் மாகாண அரசு கூலியை உயர்த்தியது. ஒரே அரசின் இரண்டு அதிகாரிகள் எதிரெதிராக எழுதிய தாள்கள் இவை. டெம்பிளின் குறிப்புகளை மட்டும் படித்தவருக்கு நிலைமை கட்டுக்குள் இருந்ததாகத் தோன்றும். அந்தக் குறிப்புகளைப் புரிந்துகொள்ள வேறொரு செய்தியும் தேவை: 1873–74இல் வங்காள, பீகார் பகுதிகளில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது அளவுக்கு மீறிச் செலவு செய்தார் என்ற கண்டனத்துக்கு ஆளானவர் இதே டெம்பிள்தான். சிக்கனத்தை வலியுறுத்தும் அவருடைய ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அந்தப் பழைய கண்டனம் நிற்கிறது. சென்னைக் கோப்புகளை எத்தனை முறை புரட்டினாலும் அதன் கனம் தெரியாது, அவருடைய முந்தைய பணி வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கிளர்ச்சிக்கும் இது பொருந்தும். புதிய தலைப்பாகை முதலான உடை விதிகள் காரணமா, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்களைச் சுற்றிய சதி காரணமா என்று அன்று எழுதிக் குவித்தவர்களில் பலர், அந்த விடையைப் பொறுத்துத் தம் பதவியே நிலைக்கவோ பறிபோகவோ கூடிய இடத்தில் இருந்தார்கள். ஆளுநர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் இறுதியில் திருப்பி அழைக்கப்பட்டார்கள் என்பதை அறிந்த பிறகு அந்தக் கடிதங்களை மறுபடி படித்தால், முதல் வாசிப்பில் சான்றாகத் தெரிந்த பல வரிகள் தற்காப்பு வாதங்களாகத் தெரியும்.

இரண்டாவது தவறு, ஆவணம் இல்லை என்பதால் நிகழ்ச்சியே இல்லை என்று முடிவுகட்டுவது. அதே பஞ்சத்தில் பதிவான சாவுகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். பிறப்பு இறப்புப் பதிவு கிராம அதிகாரிகளை நம்பியிருந்தது. ஊரை விட்டு வெளியேறிச் சாலையோரத்தில் மடிந்தவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? கணக்கு எழுத வேண்டியவரே நோயில் படுத்துவிட்டால் யார் எழுதுவது? பஞ்சம் எங்கே மிகக் கடுமையாக இருந்ததோ அங்கேதான் பதிவும் சரிந்திருக்கும். ஆகவே குறைந்த எண்ணிக்கை குறைந்த துயரத்துக்குச் சான்றாகாது. இதனால்தான் ஆய்வாளர்கள் 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு இழப்பை மதிப்பிட முயல்கிறார்கள். அந்த ஒப்பீட்டிலும் சிக்கல் உண்டு. 1871 கணக்கெடுப்பு நாடெங்கும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டதன்று.

காகிதம் அழிவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு. என்ற குறிகள் பழக்கமானவை. நிரந்தர முடிவு, பத்தாண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, ஓராண்டு முடிவு என்பவற்றின் சுருக்கங்கள் அவை. ஒரு கோப்பு முடிந்ததும் அதன் முகப்பில் இவற்றுள் எது இடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது எத்தனை ஆண்டு வைக்கப்படும் என்பது தீர்மானமாகிறது. நிலவுரிமை, அரசின் கொள்கை, முன்மாதிரியாகக் காட்டத்தக்க முடிவு ஆகியவை நிலைக்கும். ஒரு கூலித் தொழிலாளி கொடுத்த மனு ஓராண்டு கழித்துக் கழிவுத்தாளாகப் போகலாம். இத்தகைய வடிகட்டலைக் கடந்து வந்தவற்றை மட்டுமே நாம் வாசிப்பறையில் பார்க்கிறோம். 'அக்காலத்தில் இது பற்றி எந்த மனுவும் வரவில்லை' என்று எழுதுவதற்கு முன், வந்திருந்தால் அது எந்தக் குறியோடு எங்கே போயிருக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பழைய பதிவேடுகளில், கோப்பு அழிந்த பிறகும் அதன் பொருள் பற்றிய ஒரு வரி பெரும்பாலும் எஞ்சியிருக்கும்; பலர் அதைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

அரசுத் தாள்களைச் சந்தேகிப்பவர்கள் சில சமயம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, உள்ளூர்க்காரர் தம் மொழியில் எழுதியது என்றால் அப்படியே நம்பிவிடுகிறார்கள். கும்பினியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சியும் அவருடைய உதவியாளர்களும் ஊர் ஊராகத் திரட்டிய கைபீதுகளும் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்) பாளையக்காரர் வம்சாவளிகளும் அருமையான செல்வங்கள்தாம். ஆனால் புதிய ஆட்சி பழைய உரிமைகளை அளந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தன் பாளையம் எந்த மன்னர் எந்தச் சேவைக்காகக் கொடுத்தது என்று ஒருவர் எழுதித் தரும்போது, அதில் நினைவும் இருக்கும், வழக்கறிஞர் வாதமும் இருக்கும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் இவ்வாறே அணுக வேண்டும். 1736இல் தொடங்கி, 1761இல் அவர் இறக்கும் காலம்வரை, இடைவெளிகளுடன் நீளும் அந்தப் பதிவு பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி வேறு எதுவும் சொல்லாதவற்றைச் சொல்கிறது. எழுதியவர் ஒரு பெருவணிகர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகரும் ஆனவர்), அந்தப் பதவிக்குப் போட்டியாளர்கள் இருந்தார்கள், ஆளுநரின் மனைவியோடு அவருக்குக் கசப்பு இருந்தது. சந்தை விலை, கப்பல் வரவு, யார் யாரைச் சந்தித்தார் என்பன பற்றி அவர் எழுதுவதற்கும் அந்த அம்மையாரின் உள்நோக்கம் பற்றி அவர் எழுதுவதற்கும் ஒரே மதிப்பைக் கொடுக்கக் கூடாது.

இனி, மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு தவறு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. இவற்றைக் காட்டிச் சோழர் காலக் கிராமங்களில் மக்கள் அனைவருக்கும் வாக்குரிமை இருந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள். கல்வெட்டையே படித்தால், அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின், அதாவது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின், சபை தனக்கு வகுத்துக்கொண்ட விதி என்பது தெரியும். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேத அறிவும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர்களின் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினரும் விலக்கப்பட்டார்கள். பெயர் பொறித்த ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வாக்களிப்பு என்ற செயலே அங்கு இல்லை. வேளாளர் ஊர்களின் 'ஊர்' அவைக்கோ வணிகர்களின் 'நகரத்'துக்கோ இதே விதி இருந்தது என்று இந்தக் கல்வெட்டு சொல்லவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. விதியைப் படித்துவிட்டு நடைமுறையைப் படித்ததாக எண்ணிக்கொள்வது எல்லா நாட்டு வரலாற்று மாணவர்களுக்கும் உள்ள பழக்கம். முதல் கல்வெட்டின் ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் திருத்தி மற்றொன்றைப் பொறிக்க நேர்ந்தது என்றால், முதல் விதி நினைத்தபடி நடக்கவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. கணக்குக் காட்டாதவர்களின் உறவுமுறைகளை அவ்வளவு விரிவாகப் பட்டியலிட்டிருப்பதும், கணக்குக் காட்டாமல் தப்பியவர்கள் இருந்ததற்கான அறிகுறியே. என் பார்வையில், நேர்மையான ஊராட்சிக்குச் சான்றாகக் காட்டுவதைவிட, நேர்மையை நிலைநாட்ட ஒரு சபை பட்ட பாட்டுக்குச் சான்றாகப் படிக்கும்போதுதான் அந்தக் கல்வெட்டு சுவையாகிறது.

கல்வெட்டுகளில் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செங்கல் தளிகளை, அதாவது கோயில்களை, கற்றளிகளாக மாற்றிக் கட்டியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் தம் காலத்து எழுத்தில் மீண்டும் வெட்டியிருக்கிறார்கள். சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருப்பணி செய்த திருக்கோடிக்காவில், 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று கல்லிலேயே சொல்லியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படிச் சொல்லி வைத்தார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

தேதிகளில் நேரும் பிழைகள் சிறியவையாகத் தோன்றும், வாதத்தையே கவிழ்த்துவிடும். 1746இல் லா பூர்தொனேயின் பிரெஞ்சுப் படையிடம் சென்னை வீழ்ந்த நாள் ஆங்கிலேயப் பதிவுகளில் செப்டம்பர் 10. பிரெஞ்சுப் பதிவுகளில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள், ஆங்கிலேயர்கள் 1752வரை பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தார்கள் என்பதால் வந்த 11 நாள் வேறுபாடு அது. இதை அறியாதவர், புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததாகவோ, சென்னையிலிருந்து சில நாளில் புதுச்சேரி சேர்ந்த கடிதம் இரண்டு வாரம் தாமதித்ததாகவோ கணக்கிட்டு, அதற்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துவிடுவார். அதே ஆங்கிலக் கணக்கில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. எனவே ஜார்ஜ் கோட்டைப் பதிவில் '1688 பிப்ரவரி' என்றிருந்தால் அது நம் கணக்குக்கு 1689. ஆனந்தரங்கப் பிள்ளையோ அட்சய வருஷம், தமிழ் மாதம், தேதி என்றும் எழுதிச் செல்கிறார். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அட்சய மீண்டும் மீண்டும் வரும் என்பதால், ஓலையிலோ கல்லிலோ வருஷப் பெயர் மட்டும் இருந்தால் வேறொரு சான்று கிடைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்; பசலி 1286 என்பது 1876–77. தென்மாவட்ட ஆவணங்களில் வரும் கொல்லம் ஆண்டுக்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

எண்களை ஒப்பிடும்போது, பெயர் மாறாமல் எல்லை மாறியிருக்கும். 1901இல் மதுரை ஜில்லா என்று எண்ணப்பட்ட நிலப்பரப்பும் 1911இல் எண்ணப்பட்டதும் ஒன்றல்ல, ஏனெனில் இடையில் 1910இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டது. இதைக் கவனிக்காமல் மதுரையின் மக்கள்தொகை சரிந்தது என்று எழுதிப் பிளேக்கையும் இடப்பெயர்வையும் காரணம் காட்டினால் சிரிப்புக்கு இடமாகும். சாதிப் பட்டியல்களும் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மாறின. தங்கள் பெயரையும் தகுதியையும் மாற்றி எழுதக் கோரிச் சங்கங்கள் மனுப்போட்ட காலம் அது. மரக்கால், குழி, வேலி போன்ற அளவுகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டன என்பதைத் தஞ்சைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

தேசிய இயக்கக் காலத்தைப் படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் சுதேசப் பத்திரிகை அறிக்கைகள். தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிப் பத்திரிகைகளில் அரசு கவனிக்க வேண்டியது என்று மொழிபெயர்ப்பாளர்கள் கருதிய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி அச்சிட்ட ரகசிய அறிக்கைகள் இவை. பல பத்திரிகைகளின் பழைய இதழ்கள் இன்று கிடைப்பதில்லை என்பதால் இவை இன்றியமையாதவை. ஆனால் இவற்றை மட்டும் படித்தால், சுதேசமித்திரன் நாள் முழுதும் அரசைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது போலத் தோன்றும். விளம்பரம், சந்தை விலை, கோயில் திருவிழாச் செய்தி எல்லாம் மொழிபெயர்ப்பாளர் மேசையிலேயே நின்றுவிட்டன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் மூல இதழ் ஒன்றேனும் கிடைத்தால், அதே தேதியின் அறிக்கையோடு வைத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

இணையத் தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஆவணம் இல்லை என்று பொருளில்லை. எழும்பூரிலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளவற்றில் ஒரு பகுதியே மின்வடிவம் பெற்றிருக்கிறது. அப்பகுதியிலும் தூத்துக்குடி என்று தேடினால் வராதது டூட்டிகோரின் என்று தேடினால் வரும்; திருநெல்வேலி டின்னவெல்லியாகவும், கட்டபொம்மன் எழுதுபவருக்கேற்ற பல கோலங்களிலும் கிடக்கிறார்கள்.

குறிப்பெடுப்பது பற்றிக் கடைசியாக ஒன்று. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், கட்டின் முகப்பையும் தொகுதியின் எண்ணையும் முதலில் படமெடுக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் அரசாணை எண்கள் துறைதோறும் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கின. ஆகவே 'அரசாணை எண் 412, 1912' என்று மட்டும் ஒருவர் அடிக்குறிப்பு எழுதினால், அது வருவாய்த் துறையா, நீதித் துறையா, பொதுத் துறையா என்று அறிய அடுத்து வருபவர் அத்தனை துறைகளின் 412ஐயும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கும். துறை, எண், நாள் மூன்றும் சேர்ந்தால்தான் அது முகவரி.